குல்லா போடாத நாளில் கிரிஃபெல்

ஸ்காட்லாந்தில் மலையேறுகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “எத்தனை மன்ரோ முடித்தாயிற்று?” என்பதுதான். 3,000 அடியை, அதாவது 914.4 மீட்டரைத் தாண்டிய சிகரங்களுக்கு மன்ரோ என்று பெயர். மொத்தம் 282. இந்த எண்ணிக்கை ஆட்டத்தில் தெற்குக் கடற்கரைக்கு இடமே இல்லை. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையான கேலோவே பகுதியில் ஒரு மன்ரோகூடக் கிடையாது. ஆகவே கார்கள் எல்லாம் கிளாஸ்கோவைத் தாண்டி வடக்கே ஓடுகின்றன. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே புகும் சால்வே கழிமுகத்தின் ஓரமாக நிற்கும் மலைகளுக்கு, “வடக்கே மழை என்றால் பார்த்துக்கொள்ளலாம்” என்ற இடம்தான் மிச்சம். “கிரிஃபெல் மாதிரி 569 மீட்டர் மேட்டில் ஏறி என்னத்தைப் பார்த்துவிடப் போகிறோம்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தக் கேள்வி அளவுகோலைத் தப்பான இடத்தில் வைத்து அளக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் இருந்து சிகரம் எவ்வளவு என்பது வரைபடத்துக்கு வேண்டிய எண். காலுக்கு வேண்டியது, கார் நிறுத்திய இடத்தில் இருந்து எவ்வளவு என்பது. கேர்ன் கார்ம் 1,245 மீட்டர்; மன்ரோ பட்டியலில் முதல் பத்துக்குள் வருகிற மலை. ஆனால் அங்குள்ள பனிச்சறுக்கு மையத்தின் கார் நிறுத்தமே 630 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற வேண்டியது அறுநூறு சொச்சம். டம்ஃப்ரீஸுக்குத் தெற்கே இருக்கும் கிரிஃபெல் 569 மீட்டர். ஏறத் தொடங்கும் ஆர்ட்வால் பண்ணை கடலோரத் தாழ்நிலத்தில் கிடக்கிறது. ஏற வேண்டியது ஐந்நூறுக்கு மேல். முழங்காலைக் கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்லும்.

உயரத்தை விடுங்கள், காட்சிக்கு வருவோம். உள்நாட்டு மலைச் சிகரத்தில் நின்றால் தெரிவது பெரும்பாலும் அடுத்த மலை. அதன் பின்னால் இருப்பதை அதுவே மறைத்துவிடும். கடலோர மலைக்கு முன்னால் மறைக்க யாரும் இல்லை. கிரிஃபெல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுக்கு முன் உருகிய பாறை ஆழத்தில் இறுகி, மேலிருந்த மண்ணெல்லாம் அரித்துப் போனபின் வெளியே வந்த கருங்கல் மொட்டை. கிழக்கிலும் தெற்கிலும் சில கிலோமீட்டருக்குள் தரை முடிந்து கடல் தொடங்கிவிடுகிறது. பழைய நோர்ஸ் மொழியில் ‘காக்கை மலை’ என்பதுதான் இந்தப் பெயர் ஆயிற்று என்று பெரும்பாலோர் சொல்வார்கள். பறவைக்குத் தெரியாததா எந்தக் கிளை உட்காரத் தோது என்று!

அங்கே நின்று தென்கிழக்கே பார்த்தால், கழிமுகத்துக்கு அக்கரையில், இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். அவற்றில் அருகில் இருக்கும் பெரிய மலை ஸ்கிடா. 931 மீட்டர், நேர்க்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் அதற்கும் வலப்பக்கம், 60 கிலோமீட்டரில். தென்மேற்கே ஐல் ஆஃப் மேன் தீவின் ஸ்னேஃபெல், 92 கிலோமீட்டர். வடமேற்கே 58 கிலோமீட்டரில் மெரிக், தெற்கு மேட்டுநிலம் முழுவதற்கும் தலைச் சிகரம். ஒரு சிகரத்தில் நின்று ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, மேன் தீவு என்று மூன்று நிலங்களைப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பார்ப்பதில்லை. குற்றம் மலையுடையது இல்லை, போன நாளுடையது.

ஆர்ட்வாலில் இருந்து

பாதை எளிது, ஆனாலும் தவறுகள் நடப்பது எளிய பாதையில்தான். நியூ அபியில் இருந்து ஏ710 சாலையில் தெற்கே மூன்று கிலோமீட்டர் போனால் ஆர்ட்வால் பண்ணைக்குத் திரும்பும் கிளைச்சாலை. அதன் முடிவில் சிறிய கார் நிறுத்தம். வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே நிரம்பிவிடும். நிரம்பியிருந்தால் பண்ணை வாசலை மறித்து நிறுத்தாமல் நியூ அபிக்கே திரும்பி, அங்கே விட்டுவிட்டு நடந்து வருவது நல்லது. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் யாரும் நடக்க உரிமை தருகிறது. பொறுப்போடு நடக்க வேண்டும் என்பதும் அதே உரிமையின் பகுதி: கதவைத் திறந்தால் மூட வேண்டும், ஆட்டுக்குட்டி போடும் வசந்த காலத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும்.

பாதை வயலோரமாகத் தொடங்கி, கிரெய்க்ராக்கல் ஓடையை ஒட்டி ஊசியிலைத் தோப்புக்குள் ஏறும். வழியில் காட்டிலாகாச் சாலை குறுக்கிடும். அகலமாக, நடக்கச் சுகமாக இருக்கிறதே என்று அதில் திரும்பிவிடக் கூடாது. ஓடையை விடாமல் நேராக மேலே போக வேண்டும். மரங்கள் முடியும் இடத்தில் திறந்த மலை. அங்கிருந்து தென்மேற்காக, ஹெதர் புதரும் புல்லும் கலந்த சரிவில் நேர் ஏற்றம். மொத்தம் ஒரு வழிக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். 1892-இல் நெய்ஸ்மித் என்ற மலையேறி வகுத்த கணக்கு இன்றும் பொருந்தும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். அதன்படி தூரத்துக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 53 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம். இளைப்பாறுவதும் பார்த்து நிற்பதும் இதில் சேராது. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நெஞ்சு திணறும், இறக்கத்தில் கால் வழுக்கும். ஈரமான கருங்கல் சொரசொரப்பாகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் படிந்திருக்கும் கரிய சதுப்புமண் பிடிக்காது. கல்லில் கால் வைத்தால் நிற்கும், கல்லின்மேல் உள்ள மண்ணில் வைத்தால் போகும். இந்த மலையில் விழுகிறவர்களுக்கு இதுவே முக்கால் காரணம்.

மேலே டக்ளஸ் கேர்ன் என்ற பெரிய கற்குவியலும், அருகில் நில அளவைத் தூணும் இருக்கின்றன. இத்தகைய தூண்கள் 1936-இல் தொடங்கிய மறு அளவையின்போது பிரிட்டன் முழுவதும் நாட்டப்பட்டவை. அந்த வேலைக்கு ஒரு தூணில் இருந்து இன்னொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே தூண் நிற்கும் இடத்தில் காட்சி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தெம்பு மிச்சம் இருந்தால் வடமேற்கு முகட்டு வழியே 430 மீட்டர் நாக்கெண்டாக் வரை போய் வரலாம். இடையில் இருக்கும் பள்ளம் சதுப்பு. பார்த்தால் பச்சைப் பசேலென்று சமதரை மாதிரி இருக்கும். அந்தப் பளிச்சென்ற பச்சைதான் பாசி, அதாவது முழங்கால் வரை தண்ணீர். பழுப்பு நிறப் புல் குத்துகளில் மிதித்துப் போக வேண்டும். உறைபனி இறுகிய ஜனவரிக் காலை என்றால் இதே பள்ளம் சிமெண்டுத் தரை.

நாக்கெண்டாக்கில் நின்றால் கீழே கிண்டார் ஏரி. அதன் ஒரு தீவில் பழைய தேவாலயத்தின் இடிபாடு. இன்னொன்று மனிதர் கல்லும் மரமும் இட்டு உண்டாக்கிய செயற்கைத் தீவு. ஏரிக்கு அப்பால் நியூ அபி ஊரின் நடுவே சிவப்பு மணற்கல்லில் கூரையில்லாத மடாலயம். கணவன் ஜான் பேலியல் இறந்தபின் அவன் இதயத்தைப் பதப்படுத்திப் பேழையில் வைத்துக்கொண்டே வாழ்ந்த டெவோர்கில்லா, 1273-இல் கட்டத் தொடங்கியது. ‘இனிய இதயம்’ என்றுதான் துறவிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கட்டடம் சிவப்பு, சுற்றுமதில் மட்டும் சாம்பல் நிறம், உருண்டை உருண்டையான கருங்கற்கள். அந்தக் கருங்கல் எல்லாம் இந்த மலையுடையது.

குல்லா

ஸ்கிடா குல்லா போட்டால் கிரிஃபெலுக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு பழமொழி இரு கரையிலும் பல நூற்றாண்டாக உண்டு. குல்லா என்பது சிகரத்தை மூடும் மேகம். ஒரு மலையில் மேகம் இறங்கினால் அடுத்ததிலும் இறங்கும், அப்புறம் மழை. பழமொழி சொல்வதை நாம் எண்ணால் சொல்லிக்கொள்ளலாம். கடற்கரையில் காற்றின் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எடுங்கள். வானிலைச் செயலிகள் இரண்டையும் காட்டும். வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ எத்தனை மீட்டரில் இருக்கும் என்று வரும். வெப்பநிலை 12 டிகிரி, பனிநிலை 8 டிகிரி என்றால் நான்கு டிகிரி வித்தியாசம், 500 மீட்டர். சிகரம் 569. கீழே வெளிச்சமாக இருக்கும், கடைசி எழுபது மீட்டர் ஈரத் துணிக்குள். வித்தியாசம் ஆறு டிகிரிக்கு மேல் இருந்தால் கிளம்பலாம். மூன்றுக்குள் என்றால் கீழேயே நியூ அபியின் பழைய மாவு ஆலையைப் பார்க்கப் போகலாம். தண்ணீரில் ஓடும் சக்கரம், அருமையான இடம்.

இந்தக் கணக்கு தோற்கும் ஒரு திசை உண்டு: தென்மேற்கு. அங்கிருந்து வரும் காற்று ஐரிஷ் கடலின் ஈரத்தை எல்லாம் சுமந்துகொண்டு வந்து இந்தச் சரிவில் நேராக முட்டி மேலே ஏறும். ஏறும்போது குளிர்ந்து, கணக்கு சொன்னதற்கும் கீழேயே மேகமாகிவிடும். வடமேற்குக் காற்று என்றால் கதை வேறு. மழையில் ஒரு பங்கை மெரிக்கும் அதன் கூட்டத்து மலைகளும் வாங்கிக்கொண்டு, உலர்ந்த மிச்சத்தை அனுப்பும். சும்மா ‘தெற்கு ஸ்காட்லாந்து, ஓரளவு மேகம்’ என்று சொல்லும் பொது முன்னறிவிப்பை நம்பாமல், மலைகளுக்கென்றே தனியாக வரும் முன்னறிவிப்பில் தெற்கு மேட்டுநிலப் பகுதியைப் பாருங்கள். அதில் மேகம் எந்த உயரத்தில் நிற்கும், சிகரம் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு, காற்று நடையை எவ்வளவு பாதிக்கும் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சிகரம் கடற்கரையைவிட மூன்று, மூன்றரை டிகிரி குளிராக இருக்கும், அதன்மேல் காற்று. மணிக்கு 40 மைல் வீச்சு என்று கண்டால் மேலே நின்று பார்ப்பது நடக்காத காரியம். கண்ணில் தண்ணீர் வரும், தொலைநோக்கி ஆடும், ஐந்து நிமிடத்தில் இறங்கத் தோன்றும்.

மேகத்தோடு முடிந்ததா? இல்லை. எல்லோரும் ஏமாறுவது இனிமேல்தான். ஜூலையில் காற்றழுத்தம் உயர்ந்து நாலு நாளாக நல்ல வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கார் நிறுத்தம் நிரம்பி வழியும். மேலே போய்ப் பார்த்தால் அக்கரையையே காணோம். பால் கலந்த நீலம் ஒன்று வானத்தையும் கடலையும் ஒட்டிவிட்டிருக்கும். அசையாத காற்றில் நாளுக்கு நாள் தூசும் புகையும் ஈரமும் சேர்ந்து தேங்குவதுதான் காரணம். ஈரம் ஏற ஏற அந்த நுண்துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். உப்ப உப்ப ஒளியைச் சிதறடிக்கும். தூரக் காட்சிக்கு வேண்டியது கழுவி விட்ட காற்று. குளிர்ந்த காற்றின் முன்விளிம்பான குளிர்முகப்பு ஒன்று மழையோடு கடந்துபோய், காற்று வடமேற்குக்குத் திரும்பிய மறுநாள்தான் நாள். அன்று வானத்தில் பஞ்சு மேகங்கள் ஓடும், ஒன்றிரண்டு தூறல்கூட விழும், பார்க்க அவ்வளவு நல்ல நாளாகத் தோன்றாது. ஆனால் ஸ்கிடாவின் சரிவில் உள்ள ஓடைப் பிளவுகளைக்கூட எண்ணலாம்.

ஏறாமலேயே இதைச் சோதிக்கவும் வழி உண்டு. மலைக்குப் போகும் முன் கார்ஸ்தார்ன் கடற்கரைக்குப் போய் தென்கிழக்கே பாருங்கள். ஸ்கிடா வெட்டிவைத்த விளிம்போடு தெரிகிறதா? அப்படியானால் இன்று பார்வை 40 கிலோமீட்டரைத் தாண்டும். வெறும் சாம்பல் நிழல் என்றால் மேன் தீவை மறந்துவிடலாம். சிகரத்தில் ஏறியபின் இடைக் குறியாக ராபின் ரிக் காற்றாலைகள் உதவும். ஸ்காட்லாந்தின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை அது. 2010-இல் ஓடத் தொடங்கியது. சிகரத்தில் இருந்து 22 கிலோமீட்டர். தூண்கள் தெரிந்து இறக்கைகள் தெரியவில்லை என்றால் காத்திருந்து பயன் இல்லை, ஃபிளாஸ்க்கில் உள்ள தேநீரைக் குடித்துவிட்டு இறங்கலாம்.

தண்ணீர் வரும் நேரம்

வானிலையைப் பார்க்கிறவர்கள்கூட ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களைப் பார்ப்பதில்லை. மலையேற எதற்கு ஓதம் என்ற நினைப்பு. சால்வேயில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு, முழுநிலவு, அமாவாசை நாட்களை ஒட்டி ஏழு மீட்டரைத் தாண்டும். கரையோ தட்டை. ஏழு மீட்டர் தண்ணீர் இறங்கினால் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும். ஆக, கிரிஃபெலின் உச்சியில் இருந்து தெரிவது ஒரு காட்சி இல்லை, இரண்டு. ஏற்றத்தில் நித் ஆற்றின் வாய் முழுக்க ஒரே வெள்ளித் தகடு, உப்புச் சதுப்பின் புல் விளிம்பு வரை. வற்றத்தில் அதே இடம் மணல் மேடுகள், அவற்றின் நடுவே ஆறு தன் வழியைத் தேடிப் பின்னிப் பின்னிப் போகும் கால்வாய்கள். என்னைக் கேட்டால் வற்றம்தான். ஏற்றத்தில் கடல் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். மணல் வெளிப்பட்டால்தான் சால்வே சால்வேயாக இருக்கும்.

இங்கே ஒரு ஒழுங்கும் உண்டு. முழுநிலவு, அமாவாசையை ஒட்டிய பெருஓத நாட்களில் உயர் ஓதம் ஏறத்தாழ நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. வற்றம் காலை, மாலை ஆறேழு மணிக்கு. எட்டாம் பிறை வாக்கில் இது தலைகீழ், ஏற்றமும் சிறியது. எனவே கோடையில் முழுநிலவை ஒட்டிய மாலை, வற்றத்தைப் பார்க்கக் கச்சிதமான நேரம். சூரியனும் அப்போது ஒத்துழைக்கிறது. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைவது இரவு பத்து மணிக்குச் சற்று முன். மறையும் திசை வடமேற்கு. ஸ்கிடா இருப்பது அதற்கு ஏறக்குறைய நேர் எதிர்த் திசையில். ஆகவே மாலையில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின்மேல் வெளிச்சம் முகத்தில் அடித்தாற்போல் விழும். கிரிஃபெலின் சொந்த நிழல் கூம்பாக நீண்டு கழிமுகத்தைத் தாண்டி ஸ்கிடாவை நோக்கிப் போகும். நண்பகலில் தெற்கே பார்த்தால் அதே மலைகள் கண் கூசும் வெளிச்சத்தில் கறுத்த அட்டை. மெரிக்கைப் பார்க்க வேண்டியவர்கள் காலையில் வர வேண்டும்.

டிசம்பரில் இந்தச் சலுகை எதுவும் இல்லை. பகல் ஏழு மணி நேரம்தான், மாலை நாலுக்குள் இருட்டு. ஆனால் அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை வேறொன்று உண்டு. ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டில் இருந்து பார்னக்கிள் வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க வருவது சால்வேக்குத்தான். அந்த இனக்கூட்டம் முழுவதும். 1940-களில் சில நூறாகச் சுருங்கிப் போயிருந்தவை, பாதுகாப்புக் கிடைத்தபின் பல்லாயிரமாகப் பெருகின. அந்தி நேரத்தில் வயல்களில் இருந்து மணல்திட்டுகளுக்குத் திரும்பும்போது, மலையில் நிற்பவருக்குக் கீழே, காலுக்கு அடியில் பறக்கின்றன. பறவை வரிசையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை இடத்தில் கிடைக்கும்?

ஓர் எச்சரிக்கை. மேலிருந்து மணல் கெட்டியாக, சமமாக, நடக்கக் கூப்பிடுவது போலத் தெரியும். மறுநாள் இறங்கி நடக்கப் போகாதீர்கள். ஓதம் முன்னால் இருந்து அலையாக மட்டும் வருவதில்லை. பின்னால் இருக்கும் கால்வாய்கள் முதலில் நிரம்பும். திரும்பிப் பார்ப்பதற்குள் நின்ற திட்டு தீவாகியிருக்கும். புதைமணலும் உண்டு; கால்வாய்கள் இடம் மாறுவதால் போன மாதத்து வழி இந்த மாதம் வழி இல்லை.

232 கிலோமீட்டர்

“சின்ன மலை” என்ற பேச்சுக்கு என் முழுப் பதில் கிரிஃபெலில் இல்லை, அதற்கு வடமேற்கே இருக்கும் மெரிக்கில் இருக்கிறது. 843 மீட்டர், மன்ரோ ஆவதற்கு எழுபது மீட்டர் குறைச்சல். கிளென் ட்ரூலில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் ப்ரூஸின் 1307-ஆம் ஆண்டுப் போரின் நினைவாக நிறுத்திய ப்ரூஸ் கல்லின் அருகே கிளம்பி, பக்கன் ஓடையோரம் ஏறி, 719 மீட்டர் பென்யெல்லரியைத் தாண்டிப் போக வேண்டும். பென்யெல்லரி என்றால் கேலிக் மொழியில் கழுகுமலை. படிக்கிற தமிழருக்கு ஒரு புன்னகை வரும். போக வர 13 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்.

பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகள் அனைத்திலும் ஒரு சிகரத்தில் இருந்து இன்னொரு சிகரத்துக்கு உள்ள மிக நீண்ட பார்வைக் கோடு எங்கே தொடங்குகிறது? பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸில் இல்லை. இந்த மெரிக்கில். முடிவது வேல்ஸின் ஸ்னோடனில், 232 கிலோமீட்டருக்கு அப்பால். மலைகள் நிறைந்த வடக்கில் அது சாத்தியமே இல்லை. உயரமான மலைக்கு அருகில் இன்னொரு உயரமான மலை நின்று மறைக்கிறது. தெற்கே ஐரிஷ் கடல் என்ற பெரிய வெறுமை இருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சிக்கல் வரும். பூமி உருண்டை, ஓர் உயரத்தில் இருந்து அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு, உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. மெரிக்கின் 843-க்கு வர்க்கமூலம் 29. ஸ்னோடனின் 1,085-க்கு 33-க்குச் சற்றுக் கீழே. இரண்டையும் கூட்டிப் பெருக்கினால் 221 கிலோமீட்டர். தூரம் 232. அதாவது நேர்க்கோட்டுக் கணக்குப்படி ஸ்னோடன் தெரியவே கூடாது. பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். தெரிகிறது, படமும் எடுத்திருக்கிறார்கள். எப்படி என்றால், காற்று கீழே அடர்த்தி, மேலே மெல்லியது. அதன் வழியாக நீண்ட தூரம் வரும் ஒளி பூமியின் வளைவை ஒட்டிக் கொஞ்சம் வளைகிறது. சராசரி நாளில் அந்த வளைவைச் சேர்த்தால் பெருக்கும் எண் 3.57-க்குப் பதில் 3.86. இப்போது விடை 239. ஏழு கிலோமீட்டர் மிச்சத்தில் ஸ்னோடன் உள்ளே வந்துவிடுகிறது.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். மெரிக்கில் இருந்து ஸ்னோடனைக் காட்டுவது மெரிக்கின் உயரம் இல்லை, அன்றைக்கு இருக்கும் காற்று. குளிர்ந்த கடலின்மேல் வெதுவெதுப்பான காற்று படிந்த நாளில் ஒளி இன்னும் வளையும், தூர மலைகள் தூக்கி நிறுத்தியதுபோல் எழும். காற்றின் அடுக்கு மாறிப்போன நாளில் எண் 3.86-ஐத் தொடாது, ஸ்னோடன் கடலுக்கடியில். மலை அதே மலைதான். அப்படியிருக்க, 914-ஐத் தாண்டியதா இல்லையா என்று பட்டியலில் குறித்துக்கொள்வது, கடிகாரத்தைப் பார்க்காமல் ரயில் நிலையத்தின் உயரத்தை அளப்பது மாதிரி.

இதே தென்மேற்கு ஸ்காட்லாந்தில் உயரமே இல்லாமல் கண்ணை ஏமாற்றும் மலையும் உண்டு. பாலன்ட்ரே அருகே நாக்டோலியன், வெறும் 265 மீட்டர் கூம்பு. கடலில் இருந்து பார்த்த மாலுமிகள் அதை 338 மீட்டர் எய்ல்சா கிரெய்க் தீவு என்று தவறாக எண்ணியதால் ‘பொய்க் கிரெய்க்’ என்றே பெயர் விழுந்தது. உச்சியில் நின்று உண்மையான தீவை வடமேற்கே பார்க்கலாம். பனியில் வழுக்கி விடும் கர்லிங் விளையாட்டுக் கற்களுக்குப் பேர்போன கருங்கல் அந்தத் தீவுடையது.

இறங்கும்போது

கிரிஃபெலின் உச்சி உருண்டை, விளிம்பு கிடையாது. மேகத்துக்குள் நின்றால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி இறங்கும். பாதை என்று நினைத்து ஆட்டுத் தடத்தில் மேற்கே இறங்கிவிட்டால் கார் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம். ஆகவே மேலே போன உடனே, தெளிவாக இருக்கும்போதே, இறங்க வேண்டிய வடகிழக்குத் திசையைத் திசைகாட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் இந்தப் பகுதியில் காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாடு இப்போது மிகச் சிறியது. கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 313 அல்லது லேண்ட்ரேஞ்சர் 84 வரைபடம் தாளில் இருக்கட்டும். கைபேசி மின்கலம் குளிரில் சொல்லாமல் கொள்ளாமல் விழும். தோப்பின் விளிம்பில் பாதை கிடைக்கவில்லை என்றால் மரங்களுக்குள் நுழையாதீர்கள். நெருக்கி நட்ட ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் நூறு மீட்டர் போக அரை மணி ஆகும், வெட்டிப்போட்ட கட்டைகளில் கால் மாட்டும். விளிம்போடு நடந்து வாயிலைத் தேடுங்கள். கார் கதவைத் திறக்கும் முன் முழங்கால் பின்புறம், இடுப்புப் பட்டை ஓரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் தலைக்கு அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது.

வெளிச்சம் மிச்சம் இருந்தால் நேராக ஊருக்குத் திரும்பாமல் கால் மணி நேரம் தெற்கே சதர்னெஸ்ஸுக்குப் போங்கள். 1749-இல் கட்டிய கலங்கரை விளக்கம் பாறை விளிம்பில் நிற்கிறது. அதன் அடியில், தண்ணீரோரம் நின்று தென்மேற்கே பார்த்தால் மேன் தீவு மறுபடி தெரியும். ஆனால் சிகரத்தில் இருந்து அடிவாரம் வரை பார்த்த ஸ்னேஃபெல் இல்லை இது. கண் கடலில் இருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் ஐந்தரை கிலோமீட்டரோடு முடிகிறது. மீதி 82 கிலோமீட்டர் வளைவு, 621 மீட்டர் மலையில் 450 மீட்டருக்கு மேல் விழுங்கிவிடும். உச்சி மட்டும் கறுப்பாகத் தண்ணீரில் மிதக்கும், பக்கத்தில் இன்னும் சிறியதாக அடுத்த சிகரத்தின் நுனி. திரும்பிப் பார்த்தால் கிரிஃபெல், முழுசாக.